பிஎச்.டி. இல்லாமலே ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்: யார் இந்த ராபர்ட் ஃபிளாய்டு?

2+3×4 எவ்வளவு? 14 என்று நாம் சட்டென்று சொல்லிடுவோம். ஆனால் கணினி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகத்தான் படிக்கும். 2+3 வந்ததுமே அவசரப்பட்டுக் கூட்டினால் விடை 20, கணக்கு தப்பாகிடும். உடனே கூட்டுவதா, கொஞ்சம் காத்திருப்பதா? இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஃபிளாய்டு.

14 வயதில் பள்ளி முடிந்தது

1936-ல் நியூயார்க்கில் பிறந்தார். 14 வயதில் பள்ளிப்படிப்பையும், 17 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வையும் முடித்தார். 1958-ல் இயற்பியலில் இன்னொரு இளநிலைப் பட்டம். அவ்வளவுதான், பிஎச்.டி. வாங்கவே இல்லை. கணினி ஆபரேட்டராக வேலை பார்த்தபடியே நிரல் எழுதத் தானாகக் கற்றுக்கொண்டார்.

கூட்டலா, காத்திருப்பா?

1963-ல் ஃபிளாய்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்தக் குறிக்கு முன்னுரிமை என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டால் போதும் என்றார். கையில் '+' இருக்கிறது, அடுத்து '×' வருகிறதா? காத்திரு. அடுத்தும் '+' வருகிறதா? முந்தையதை முடித்துவிடு. சிறு துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து முழு வாக்கியத்தைக் கட்டுவதால், இது 'கீழிருந்து மேல்' முறை.

ஆனால் எல்லா மொழி விதிகளும் இந்த அட்டவணைக்குள் அடங்காது. 1965-ல் அவருடைய நண்பர் டொனால்டு நூத் இதைவிட விரிவான 'எல்ஆர்' முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு விதியிலும் எதுவரை படித்தாச்சு என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்த நொடியில் சாத்தியமுள்ள எல்லா விதிகளையும் ஒரே தொகுப்பாக்க வேண்டும். அடுத்த குறி வந்ததும் புள்ளி நகரும், புதுத் தொகுப்பு பிறக்கும். கம்பைலர் டிசைன் பாடத்தில் மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் 'ஐட்டம் செட்' இதுதான்.

பட்டம் தடையாகவில்லை

27 வயதில் கார்னெகியில் இணைப் பேராசிரியர். 1968-ல் ஸ்டான்ஃபோர்டு போனார். முழுப் பேராசிரியராகி, துறைத் தலைவராகவும் இருந்தார். நிரல் சரியானதுதான் என்று கணித முறையில் நிரூபிக்க 1967-லேயே வழிகாட்டியவரும் அவரே. 1978-ல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது.

கடைசிக் காலம்தான் சோகம். மூளையைச் சிறுகச் சிறுக அரிக்கும் பிக் நோய் அவரைத் தாக்கியது. 2001 செப்டம்பர் 25-ல், 65 வயதில் காலமானார். அவர் போட்ட முன்னுரிமை அட்டவணை இன்றும் கம்பைலர் பாடத்தில் இருக்கிறது.