ஊசி கொண்டுவந்த டாக்டர்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். மலைக்காட்டிலிருந்து தலைச்சுமையோடு இறங்குகிறவர்களுக்கும், நாள் பூராவும் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கும் ஒரு வேதனை பொது. திடீரென்று கழுத்து திரும்பாது. தோள்பட்டை கல்லாக இறுகும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். வீட்டில் விளக்கெண்ணெய் தடவி நீவி விடுவார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். சில நாளில் சரியாகும். சிலருக்கு ஆகாது.

இந்தப் பிடிப்பை, மருந்தே இல்லாத மெல்லிய ஊசியால் இளக்க முடியும் என்று நம் நாட்டுக்குக் காட்டியவர் ஒரு வங்காளி டாக்டர். அவர் பெயர் பிஜய்குமார் பாசு. இந்தியாவில் ஊசி வைத்தியத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்த ஊசி அவர் கைக்கு வந்த கதை, ஒரு யுத்தத்தில் ஆரம்பிக்கிறது.

ஐந்து டாக்டர்கள்

1937-ல் ஜப்பான் சீனாவின் மீது பாய்ந்தது. நகரங்கள் எரிந்தன. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட ஆள் இல்லை. டாக்டர்களை அனுப்பி உதவுங்கள் என்று சீனத் தளபதி சூ தே, ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். 1938 ஜூலையில் மூன்று நாள் நாடெங்கும் உண்டியல் குலுக்கினார்கள். 22,000 ரூபாய் சேர்ந்தது. நாமே அடிமைப்பட்டுக் கிடந்த நாள் அது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ரூபாயின் கனம் தெரியும்.

ஐந்து டாக்டர்கள் கிளம்பினார்கள். அலகாபாத் அடல் தலைவர். ஸ்பெயின் தேசத்து யுத்தத்தில் வேலை பார்த்தவர். நாகபுரி சோல்கர் வயதில் மூத்தவர். சோலாப்பூர் கோட்னிஸ், கல்கத்தா முகர்ஜி, இருவரும் இளைஞர்கள். ஐந்தாவது இடத்துக்கு ரணேன் சென் என்ற டாக்டரைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் அவருக்குப் பாஸ்போர்ட் தர மறுத்தது. அந்த இடத்தில் சேர்ந்தவர்தான் பாசு. முப்பது வயதுகூட ஆகவில்லை.

1938 செப்டம்பர் 1-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார்கள். கான்டன் துறைமுகத்தில் இறங்கிய சில வாரங்களில் அந்த ஊர் ஜப்பானியர் வசமாகிவிட்டது. குண்டு விழும் ஊர்களைக் கடந்து, சுங்கிங் வழியாக, 1939 பிப்ரவரியில் யேனான் என்ற மலையூரை அடைந்தார்கள். ஐந்து பேரும் தங்கள் பெயரோடு ஹுவா என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஹுவா என்றால் சீனா. பாசு அங்கே பா சு ஹுவா ஆனார்.

குகைக்குள் ஆஸ்பத்திரி

யேனானில் ஆஸ்பத்திரி, வீடு எல்லாம் மண்மலையைக் குடைந்த குகைகள். அதற்குள்தான் படுக்கை, அதற்குள்தான் ரணசிகிச்சை. மருந்துக்குப் பஞ்சம். நோயினாலும் வேறு காரணங்களாலும் முகர்ஜி, சோல்கர், அடல் ஆகியோர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். பாசுவும் கோட்னிஸும் தங்கினார்கள். கோட்னிஸ் போர்முனைக்குப் போனார். பாசு யேனான் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை வைத்தியம் பார்த்தார்.

1942 டிசம்பர் 9-ந் தேதி கோட்னிஸ் வலிப்பு நோயால் இறந்துபோனார். வயது 32. கைக்குழந்தையோடு அவருடைய சீன மனைவி நின்றாள். 1943-ல் பாசு மட்டும் இந்தியா வந்து சேர்ந்தார். கோட்னிஸின் கதையைக் கே. ஏ. அப்பாஸ் புத்தகமாக எழுதினார். 1946-ல் சாந்தாராம் அதைச் சினிமாவாக எடுத்தார். நம் பெரியவர்களில் பலர் பார்த்து அழுத படம் அது. திரும்பி வந்தவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. செத்தவர்தானே கதாநாயகன்!

விட்டுவந்த பொருள்

வேடிக்கையைப் பாருங்கள். சீனாவில் ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த பாசு, ஊசி வைத்தியத்தைக் கற்காமலே திரும்பியிருந்தார். அவர் கிளம்பிய பிறகு, 1945-ல், யேனான் ஆஸ்பத்திரியில் ஊசி வைத்தியப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். இங்கிலீஷ் வைத்தியம் படித்த சீன டாக்டர்களே பழைய ஊசிக்காரரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். காரணம் சாதாரணமானது. கோடிக்கணக்கான ஜனம், கொஞ்சம் டாக்டர், கையில் மருந்து இல்லை. ஊசியோ ஊருக்கு ஊர் கிடைக்கும்.

1958-ல் பாசு மறுபடி சீனாவில் இருந்தார். இந்தத் தடவை மாணவராக உட்கார்ந்தார். பட்டம் பெற்ற டாக்டர், யுத்தகளம் கண்டவர், நடு வயதில் இன்னொருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்வது லேசான காரியம் இல்லை. 1959-ல் கல்கத்தாவில் வைத்தியத்தை ஆரம்பித்தார்.

ஊசி என்ன செய்கிறது?

ஊசி என்றதும் குழந்தைகள் பயப்படும் ஊசியை நினைக்காதீர்கள். அதில் துளை உண்டு, மருந்து உண்டு. இது துளை இல்லாத கம்பி. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு. குத்தி, சிறிது நேரம் வைத்து, எடுத்துவிடுவார்கள். உடம்பில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் உண்டு, அங்கே குத்த வேண்டும் என்பது சீனர்களின் பழைய கணக்கு.

மேல்நாட்டு டாக்டர்கள் இன்னொரு வழியில் வந்து இதே ஊசியைத் தொட்டார்கள். 1892-ல் வெளியான தம் வைத்திய நூலில், இடுப்புப் பிடிப்புக்கு வலிக்கிற இடத்திலேயே ஊசி குத்தும்படி டாக்டர் ஆஸ்லர் எழுதினார். சீமாட்டிகள் தொப்பியில் குத்தும் ஊசியே போதும், சுத்தம் செய்துகொண்டால் சரி என்பது அவர் கட்சி! பின்னால் அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்ற பெண் டாக்டர், இறுகிய சதையில் தடவிப் பார்த்தால் கயிறு போன்ற ஒரு நரம்பலும் அதில் ஒரு முடிச்சும் தட்டுப்படும் என்று கண்டார். அந்த முடிச்சை அழுத்தினால் வலி வேறு இடத்துக்கு ஓடும். தோளை அழுத்தினால் தலை வலிக்கும். அவர் அங்கே மரப்பு மருந்து ஏற்றினார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்தான்.

மருந்து தேவையே இல்லை, ஊசி சரியான இடத்தில் பட்டால் போதும் என்று 1979-ல் எழுதினார் பிராக் நகரத்து டாக்டர் லெவிட். 241 நோயாளிகளுக்கு 312 இடங்களில் குத்திப் பார்த்தார். நூற்றுக்கு சுமார் 87 இடங்களில் வலி உடனே அடங்கியது. முடிச்சில் ஊசி பட்டதும் சதை ஒருமுறை துள்ளும். பிறகு இளகும். இன்று பிசியோதெரபிக்காரர்கள் செய்கிற மருந்தில்லா ஊசிக்கு மூலம் இந்த வழிதான். சீனப் பாதைக் கணக்கு இதில் இல்லை. இரண்டும் ஒன்றா, வேறா என்று டாக்டர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கழுத்து, தோள் வலிக்குச் சில வாரம் நல்ல பலன் தெரிகிறது; நீண்ட நாள் நிற்குமா என்பதில் ஒருமித்த பேச்சு இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பு. படித்துத் தேறியவர் கையில்தான் இந்த ஊசி இருக்க வேண்டும். விலா, தோள் பக்கம் ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடக்கூடாது. சுளுக்குதானே என்று வீட்டில் கோணூசியை எடுத்துவிடாதீர்கள்!

கசந்த காலம்

1962-ல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யுத்தம் மூண்டது. சீனா என்ற பேரே நம் ஜனங்களுக்குக் கசந்தது. பாசுவின் கையில் இருந்ததோ சீன ஊசி. அதை அவர் கீழே வைக்கவில்லை.

காற்று 1971-ல் திரும்பியது. ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரருக்குப் பீக்கிங்கில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு வந்த வயிற்று உபாதையை ஊசி போட்டுத் தணித்தார்கள். அவர் அதைத் தம் பத்திரிகையில் எழுதினார். மறுவருஷம் ஜனாதிபதி நிக்ஸன் சீனா போனார். உலகமே ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. கல்கத்தாவில் பாசு அதற்குள் பன்னிரண்டு வருஷம் குத்தி முடித்திருந்தார்!

1973-ல் கோட்னிஸ் நினைவுக் கமிட்டி அமைந்தது. செத்துப்போன தோழனின் பேரில் பாசு இளைஞர்களுக்கு ஊசி வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். பெரிய கட்டடம் வேண்டாம், விலை உயர்ந்த யந்திரம் வேண்டாம். ஒரு பெஞ்சும் சுத்தமான ஊசிகளும் இருந்தால் ஏழைகளுக்கு வைத்தியம் நடக்கும். பஞ்சாபில் லூதியானா நகரத்திலும் கோட்னிஸ் பேரால் ஓர் ஊசி வைத்திய ஆஸ்பத்திரி அந்த வருஷங்களில் எழுந்தது.

யேனான் நாட்களைப் பற்றி பாசு எழுதிய புத்தகம் 1986-ல் பீக்கிங்கில் அச்சாகி வந்தது. அதே வருஷம் அவர் கல்கத்தாவில் காலமானார். ஊசி வைத்தியத்தை ஒரு வைத்திய முறையாக ஒப்புக்கொண்டு மேற்கு வங்காள சட்டசபை சட்டம் செய்தது 1996-ல்.