சிகாகோவில் ஜினதருமம் உரைத்த வீர்சந்த் காந்தி

காந்தி என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுபவர் மகாத்மா. அவர் பிறந்த கத்தியவாரிலேயே அவருக்கு ஐந்தாண்டுகள் முன்னர்த் தோன்றி, கடல் கடந்தும் ஜினதருமத்தை முழங்கிய மற்றொரு காந்தியையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவரே வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. பம்பாயில் இருவரும் நண்பர்களாயிருந்தமை மகாத்மாவின் சுயசரிதையால் விளங்குகிறது.

1864 ஆகஸ்டு 25 அன்று மஹுவாவில் பிறந்த வீர்சந்த், 1884-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய ஜைன சங்கத்தின் செயலாளரானார். அப்போது சத்ருஞ்சய மலை யாத்திரிகர்மீது பாலிதானா அரசு விதித்த வரியால் பெரும் பூசல் மூண்டிருந்தது. நம்மவர் துயரை ஆங்கில அதிகாரிகள் உணரும் வண்ணம் எடுத்துரைத்து, 1886-இல் ஆண்டுக்கு 15,000 ரூபாய் என வரையறுத்த உடன்பாட்டுக்கு அவர் துணை நின்றார்.

அடுத்து, தீர்த்தங்கரர் இருபதின்மர் வீடுபேறு எய்திய சம்மேத சிகர்ஜிக்கு இடர் நேர்ந்தது. 1891-இல் அம்மலையில் ஓர் ஆங்கிலேயர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் ஆலையை நிறுவினார். அதை எதிர்த்த வழக்கு கீழ்மன்றத்தில் தோற்றது. வீர்சந்த் கல்கத்தா சென்றார். ஆவணங்கள் வங்க மொழியில் இருந்தன. அவருக்கோ அம்மொழி தெரியாது. பிறர் பெயர்த்துச் சொல்வதை மட்டும் நம்பியிராமல், சில திங்கள் அங்கேயே தங்கி வங்கமொழி கற்றார். ஆவணங்களைத் தாமே பயின்று மேல்முறையீட்டை நடத்தினார். ஆலை மூடப்பட்டது.

1893-இல் சிகாகோவில் சர்வசமய மாநாடு கூடிற்று. அழைப்புப் பெற்ற ஆசாரியர் ஆத்மாராம்ஜி, துறவு விரதத்தினால் கடற்பயணம் மேற்கொள்ள இயலாமையால், இவரைப் பயிற்றி அனுப்பினார். வீர்சந்துக்கு அப்போது வயது 29. கேட்போரோ ஜைனம் என்னும் பெயரையே அறியாத கிறித்துவப் பெருமக்கள். ஆதலின் நம் தத்துவத்தைத் திரவியார்த்திகம், பரியாயார்த்திகம் என்னும் இரு நயங்களாக எளிய ஆங்கிலத்தில் வகுத்துரைத்தார். கடவுள் என்னும் சொல்லை ஒதுக்காமல், அதற்கு நாம் கொள்ளும் பொருளை விளக்கினார். அதே வேளையில், உலகைப் படைத்த ஒருவனுக்கு ஜினநெறியில் இடமில்லை என்பதையும் மறையாது உரைத்தார். கேட்போர் பொருட்டு மொழியும் முறையும் மாறின, கொள்கை மாறவில்லை. உடையும் மாறவில்லை, கத்தியவார்த் தலைப்பாகையுடனேயே மேடை ஏறினார்.

அங்கு அவர் ஈட்டிய அன்பு பேச்சளவில் நின்றுவிடவில்லை. 1896-97 பஞ்சத்தின்போது அவர் விடுத்த வேண்டுகோளால் அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் நிறைய மக்காச்சோளம் கல்கத்தா வந்து சேர்ந்தது. எனினும் கடல் கடந்தமைக்காக வைதிகப் பற்றுடைய நம்மவர் சிலரே அவரைத் தூற்றினர். உடல் நலிந்து தாயகம் திரும்பிய அவர், 1901 ஆகஸ்டு 7 அன்று, 37 வயது நிரம்புமுன்பே மறைந்தார். இந்திய அரசு 2002-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நம் முன்னோரான முனிவர்களும் இந்நெறியினரே. தமிழ் மக்களுக்கு அறம் உரைக்கத் தமிழிலேயே நூல் செய்தனர். இன்றோ, இரவுணவு ஏன் விலக்கினோம் என்று அண்டை வீட்டார் வினவினால், வழக்கம் என்று கூறி நம்மிற் பலர் நின்றுவிடுகிறோம். நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் அதே விடைதான் கிடைக்கிறது. அவர்களுக்கு விளங்கும் சொற்களில் காரணத்தை எடுத்துரைக்க நாம் முதலில் கற்றல் வேண்டும். வங்கமொழி கற்கத் திங்கள்பல செலவிட்ட அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.