சந்தை மதிப்பும் ஒரு வைரமும்

பங்கின் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு கிடைத்துவிடும். ஆனால், அந்த விலையைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு சர் தோராப்ஜி டாடாவின் வாழ்க்கையே நினைவுக்கு வருகிறது.

ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகனாக 1859-இல் பிறந்தவர் அவர். எஃகு ஆலை அமைக்கும் கனவு நிறைவேறாமலேயே 1904-இல் தந்தை மறைந்தார். அக்கனவைச் சுமந்த தோராப்ஜி முதலில் லண்டனில் மூலதனம் தேடினார், கைகூடவில்லை. 1907-இல் பம்பாயில் பங்குகளை வெளியிட்டார். மூன்றே வாரங்களில் சுமார் 8,000 இந்தியர்கள் பணம் திரட்டித் தந்தனர். ஒரு டன் எஃகுகூட உருக்கப்படாத அந்நிலையில், சுதேசி உணர்வும் ஒரு குடும்பத்தின் நாணயமுமே அவர்களுக்குப் பிணையாக இருந்தன.

1912-இல் உற்பத்தி தொடங்கியது. முதல் உலகப் போரில் தண்டவாளத் தேவை பெருக, ஆலை செழித்தது. பெருஞ்செலவில் விரிவாக்கமும் தொடங்கியது. போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. வெளிநாட்டு மலிவு எஃகு குவிந்தது. 1923 நிலநடுக்கத்தால் ஜப்பானிய வணிகமும் சரிந்தது. 1924-இல் தொழிலாளர்களுக்கு ஊதியம் வழங்கவே பணமில்லை.

அப்போது தோராப்ஜி தம் சொந்தச் சொத்துகளையும் மனைவி மெஹர்பாயின் நகைகளையும் அடமானம் வைத்து, இம்பீரியல் வங்கியில் சுமார் ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். 245 காரட் ஜூபிளி வைரமும் அந்நகைகளுள் ஒன்று. அதே ஆண்டு அரசு காப்பு வரி விதித்தது. விரிவாக்கமும் பலன் தரவே, நிறுவனம் மெல்ல மீண்டது. 1932-இல் ஜெர்மனியில் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன், தம் செல்வத்தை அவர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்.

எதிர்கால லாபம், கடன்சுமை, போட்டி, அரசின் கொள்கை ஆகியவற்றைப் பொருத்தே சந்தை மதிப்பு ஏறி இறங்குகிறது. போட்டியும் கொள்கையும் நிர்வாகத்தின் கையில் இல்லை. லாபம் தரும் முதலீடு, கடனில் கட்டுப்பாடு, பங்குதாரர்களுடன் இழப்பையும் பகிர்ந்துகொள்ளும் நேர்மை ஆகியவை அதன் கையில் உள்ளன. மதிப்பை உயர்த்த நினைப்போர் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்று நிறுவனர்கள் சிலர் தம் பங்குகளையே அடகு வைத்து, அக்கடனை வேறு தொழில்களில் இறக்குகின்றனர். விலை சரிந்தால் கடன் கொடுத்தவர் அப்பங்குகளை விற்பார். விலை மேலும் சரியும். சிறு முதலீட்டாளரின் சேமிப்பு கரையும். பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இந்த அடகு விவரம் வெளியாகிறது. பங்கு வாங்குமுன் அதைப் பார்ப்பது நம் கடமை. நிறுவனர் எதை அடகு வைத்தார், யாருக்காக வைத்தார் என்பதில் அந்நிறுவனத்தின் உண்மை மதிப்பு ஓரளவு தெரிந்துவிடும்.