காட்டன் துரையும் நிறுத்த முடியாத கால்வாயும்

கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு பைக்ல போயிருக்கீங்களா? அப்போ கோமுகி அணையைப் பார்த்திருப்பீங்க. அது 1960-களில் கட்டினது. கல்வராயன் மலையில மழை பெஞ்சாத்தான் அதுக்கு வாழ்வு. நம்ம கள்ளக்குறிச்சி முன்னாடி தென்னாற்காடு மாவட்டத்துல இருந்தது. அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில, சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணி தர்ற கீழணையைக் கட்டினவர் ஆர்தர் காட்டன்.

1803-ல் பிறந்தவர். 18 வயசுல சென்னைக்கு வந்துட்டார். நம்மில் பலர் அந்த வயசுல கவுன்சிலிங்குக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தோம்! காவிரித் தண்ணி கொள்ளிடத்துல வீணா ஓடி, தஞ்சை வயல்கள் காஞ்சுக்கிட்டிருந்த நேரம். கல்லணையைப் பார்த்து, மணல் மேலயும் அணை நிக்கும்னு புரிஞ்சுக்கிட்டார். 1836-ல் முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை. அடுத்து கோதாவரி. 1847-ல் தவளேஸ்வரத்துல ஆரம்பிச்ச வேலை 1852-ல் முடிஞ்சு, பஞ்சத்துல கிடந்த டெல்டா நெல் களஞ்சியமாச்சு. ஆந்திராவுல இன்னிக்கும் அவருக்குச் சிலை வெச்சுக் கும்பிடுறாங்க.

இந்த வெற்றிதான் அடுத்த சிக்கலுக்கு விதைன்னு எனக்குத் தோணுது. டெல்டாவுல பலிச்சது எங்கேயும் பலிக்கும்னு அவர் நம்பினார். அவரோட துங்கபத்திரை திட்டத்தை நம்பி 1858-ல் மெட்ராஸ் நீர்ப்பாசனக் கம்பெனி உருவாச்சு. பத்து லட்சம் பவுண்டு முதலுக்கு வருஷம் 5 சதவீத வட்டி தர்றோம்னு அரசே உத்தரவாதம் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்க: கால்வாயில தண்ணி ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு 50,000 பவுண்டு பங்குதாரர் கைக்கு வந்துடும். வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கு அவசரம்?

பெரிய திட்டம் சுருங்கி, கர்னூலிலிருந்து கடப்பை வரைக்கும் சுமார் 300 கிலோமீட்டர் கால்வாய் மட்டும் மிஞ்சியது. அதுக்கே முதல் பத்தலை. அந்த இடத்துல அரசு கையை விரிச்சிருக்கலாம். ஆனா பாதியில விட்டா இதுவரை போட்டது போச்சேங்கிற பயம். அதனால அரசே கடனும் கொடுத்தது. எகனாமிக்ஸ் பேப்பர்ல சங்க் காஸ்ட்னு படிக்கிறோமே, அதேதான். இனி போடப்போற காசுக்கு என்ன வரும்னு கேட்கணும். இவங்க போன காசையே திரும்பிப் பார்த்தாங்க.

தண்ணி வந்தப்புறமும் ஆள் வரலை. அந்தப் பக்கம் நிறைய கரிசல் மண். மழை ஒழுங்கா பெஞ்ச வருஷத்துல சோளம் போடுற விவசாயி எதுக்குத் தண்ணிவரி கட்டணும்? இதை எஸ்டிமேட்டில் ஒழுங்கா யோசிக்கலை. கடைசியில 1882-ல் அரசே கம்பெனியை விலைக்கு வாங்கிடுச்சு.

காட்டன் அசரலை. 1878-ல், 75 வயசுல, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால நின்னு, ரயிலை விடக் கால்வாய்தான் இந்தியாவுக்கு நல்லதுன்னு வாதாடினார். இத்தனைக்கும் 1830-களில் செங்குன்றம் பக்கம் கல் ஏத்துற ரயில்பாதை போட்டதுல அவருக்கும் பங்கு உண்டு. 1899-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அந்தக் கர்னூல்-கடப்பைக் கால்வாயை இன்னும் யாரும் மூடலை. இன்னிக்கும் அதுல தண்ணி ஓடுது, நெல்லும் விளையுது.