தொலைநோக்கி இல்லாத வானியலாளர்

வானத்தை எடை போட வழி சொன்ன ஒரு மனிதரைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாய் ஆசை. பெயர் ஜாக்கோபஸ் காப்டெய்ன். 1851இல் நெதர்லாந்தில் பிறந்தவர்.

1878இல் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் அவரை வானியல் பேராசிரியர் ஆக்கியது. பதவி கிடைத்ததே தவிர வானாய்வுக்கூடம் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தார், அரசு பணம் தரவில்லை. நாமாக இருந்தால் லேப் இல்லை என்று புலம்பிவிட்டு கேன்டீனுக்குப் போயிருப்போம்!

அந்தச் சமயம் தென்னாப்பிரிக்காவில் டேவிட் கில் தென்வானத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தகடுகளை நான் அளந்து தருகிறேன் என்று காப்டெய்ன் முன்வந்தார். வேறொரு பேராசிரியரின் ஆய்வகத்தில் இடம் கடன் வாங்கினார். சர்வே வகுப்பில் தியோடலைட் பிடித்த சிவில் நண்பர்களுக்கு அவர் செய்த வேலை உடனே பிடிபடும். படமெடுத்த தொலைநோக்கியின் குவியத்தூரம் எவ்வளவோ, அவ்வளவு தூரத்தில் தகட்டை நிறுத்தி, இரண்டு அச்சுகளில் திரும்பும் கருவியால் பார்த்தார். நட்சத்திரத்தின் வான ஆயங்கள் நேரடியாகவே கிடைத்தன. என்ன மூளை பாருங்கள்! பத்தாண்டுக்கும் மேல் பாடுபட்டு 4,54,875 நட்சத்திரங்களை அளந்து முடித்தார்.

அவருடைய பெரிய யோசனை வந்தது 1922இல். பால்வீதித் தளத்துக்கு மேலும் கீழுமாக நட்சத்திரங்கள் போய்வருகின்றன, மேலே எறிந்த பந்து திரும்பி வருகிற மாதிரி. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் இழுக்கிற விசை தெரியும். விசை தெரிந்தால் நிறை தெரியும். நட்சத்திரங்களை வாயு மூலக்கூறுகள் மாதிரி வைத்தே கணக்குப் போட்டார். கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் நிறையைக் கழித்தால் மிச்சம் இருட்டுப் பொருள். அது அதிகம் இருக்காது என்பது அவர் முடிவு.

ஒரு இடத்தில் சறுக்கினார். சூரியனை ஏறக்குறைய நடுவில் வைத்துவிட்டார். இடையிலுள்ள தூசி ஒளியை மறைக்கிறதோ என்று அவரே பல வருஷம் தேடியும் அகப்படவில்லை. 1930இல்தான் ட்ரம்ப்ளர் அதை நிரூபித்தார்.

அதைப் பார்க்க காப்டெய்ன் இல்லை. 1922 ஜூனிலேயே ஆம்ஸ்டர்டாமில் காலமாகிவிட்டார். அவருடைய மாணவர் யான் ஊர்ட் 1932இல் அதே கணக்கைத் திரும்பப் போட்டார். சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில், தெரிந்த நட்சத்திரங்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நிறை வந்தது! கூடுதலில் பெரும்பகுதி மங்கல் நட்சத்திரங்களும் வாயுவும்தான் என்று பிற்பாடு தெரிந்தது. 2013இல் ஏவிய கையா விண்கலம் ஏறத்தாழ 200 கோடி நட்சத்திரங்களை அளந்தது. அந்த அளவுகளை வைத்தும் இதே மேலும் கீழும் கணக்கைத்தான் போடுகிறார்கள்.