வாரந்தோறும் எண்ணிய மனிதர்

1854 செப்டம்பரில் லண்டன் பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயிலிருந்து கைப்பிடி கழற்றப்பட்ட கதையைப் பலரும் கேட்டிருப்பர். காலராவால் இறந்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, அவர்கள் எந்த நீரைப் பருகினர் என்று விசாரித்த மருத்துவர் ஜான் ஸ்னோ அக்கதையின் நாயகர். அவர் கையில் 83 பேரின் இறப்பு விவரம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் கதை சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். இங்கிலாந்தின் தலைமைப் பதிவாளர் அலுவலகம் தந்த விவரம் அது. அந்த அலுவலகத்தின் புள்ளிவிவரப் பணியை நாற்பது ஆண்டுகள் தாங்கி நின்றவர் வில்லியம் ஃபார்.

பொருளியல் வகுப்புகளில் மக்கள்தொகைப் பாடம் நடத்திய காலம் முழுவதும் ஃபாரை நான் ஆயுள் அட்டவணை தயாரித்த அறிஞராகவே அறிமுகம் செய்துவந்தேன். நோய்க் கண்காணிப்பைப் பற்றி நாடெங்கும் பேசத் தொடங்கிய பிறகு, அவருடைய வாழ்வின் மற்றொரு பக்கம் என்னை அதிகமாக ஈர்க்கிறது.

ஃபார் 1807-இல் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ச் செல்வந்தர் ஒருவர் அவரை ஆதரித்துப் படிக்க வைத்தார். அவர் இறக்கும்போது விட்டுச்சென்ற 500 பவுண்டு, ஃபாரைப் பாரீஸ் நகரத்து மருத்துவ வகுப்புகளுக்கு அழைத்துச் சென்றது. லண்டன் திரும்பி மருத்துவம் பார்த்தார். தொழில் பெரிதாகச் செழிக்கவில்லை. எழுத்திலேயே நாட்டம் சென்றது. பொருளியலர் மெக்கல்லக் தொகுத்த பிரிட்டிஷ் பேரரசின் புள்ளிவிவர நூலில், பிறப்பு இறப்புப் புள்ளியியல் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் ஃபார்தான். அந்நூல் வெளிவந்த 1837-ஆம் ஆண்டிலேயே அவருடைய முதல் மனைவி காசநோயால் இறந்தார். பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான்.

புதிய அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தது தொகுப்பாளர் பதவி. வந்து குவிந்த இறப்புப் பதிவுகளில் ஒரே நோய்க்குப் பல பெயர்களும், பல நோய்களுக்கு ஒரே பெயரும் இருந்தன. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வலிப்பு என அறிகுறிகளே நோயின் பெயராக எழுதப்பட்ட காலம் அது. ஆய்வுக்கூடம் கிடையாது, கிருமி என்ற கருத்தே நிலைபெறவில்லை. ஃபார் நோய்களுக்கு ஒரு வகைப்பாட்டை உருவாக்கி, மருத்துவர்களும் பதிவாளர்களும் அதையே பின்பற்ற வேண்டுமென்று ஆண்டறிக்கைதோறும் வலியுறுத்தினார். இன்று அறிகுறி அடிப்படையிலான கண்காணிப்பு என்று நாம் புதுமையாகப் பேசுவதை, அவர் வேறு வழியின்றிச் செய்துகொண்டிருந்தார் என்றே சொல்லலாம்.

அவருடைய உண்மையான ஆயுதம் வாராந்திர அறிக்கை. லண்டன் பதிவாளர்கள் ஒவ்வொருவரும் அந்த வார இறப்புகளை அனுப்புவர். அடுத்த வாரமே அட்டவணை அச்சாகிவிடும். அதில் இந்த வார எண்ணிக்கைக்கு அருகிலேயே, முந்தைய ஆண்டுகளின் சராசரிப்படி எத்தனை இறப்புகள் எதிர்பார்க்கத்தக்கவை என்பதும் இருக்கும். வெப்பநிலைக் குறிப்பும் உண்டு. இந்த ஒப்பீடு எளியதுதான். ஆயினும் 1847-ஆம் ஆண்டு இன்ஃப்ளுயென்சா லண்டனைத் தாக்கியபோது அதன் வலிமை புலப்பட்டது. இன்ஃப்ளுயென்சா என்று சான்றிதழில் எழுதப்பட்ட இறப்புகளைவிட, வழக்கத்துக்கு மேற்பட்ட இறப்புகள் பல மடங்கு இருந்தன. மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, முதுமை என்ற பெயர்களுக்குள் அந்நோய் ஒளிந்திருந்ததை ஃபார் கணக்கிட்டுக் காட்டினார்.

கோவிட் காலத்து இந்திய இறப்புகள் குறித்து 2022 மே மாதத்தில் எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் ஏறத்தாழ 47 லட்சம் மிகை இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. மத்திய அரசு அம்மதிப்பீட்டின் முறையையே ஏற்க மறுத்தது. யார் சரி என்பதற்குள் நான் இங்கு நுழையவில்லை. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளுள் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவச் சான்று இருந்தது. வழக்கமான ஒரு வாரத்தில் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர், எதனால் இறக்கின்றனர் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால் அந்தச் சர்ச்சைக்கு இடமே இருந்திராது.

ஃபாரை நான் மிகவும் மதிப்பது அவர் தவறிய இடத்துக்காக. 1849 காலராவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 53,000 பேர் மாண்டனர். அவ்விறப்புகளை ஆராய்ந்த அவர், தேம்ஸ் ஆற்றைவிட நிலம் உயர உயர இறப்பு விகிதம் குறைவதைக் கண்டு, அதை ஒரு விதியாகவே 1852-இல் வெளியிட்டார். தாழ்நிலத்தின் நச்சுக்காற்றே காரணம் என்பது அவர் நம்பிக்கை. எண்கள் சரியானவை, விளக்கம் பிழையானது. தாழ்ந்த பகுதியினர் கழிவு கலந்த ஆற்றுநீரைப் பருகினர் என்பதே உண்மை. ஒட்டுறவைக் காரணமாகக் கொள்ளும் இப்பிழைக்கு இதைவிட நல்ல பாட எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் எந்தக் குடிநீர் நிறுவனம் எந்தப் பகுதிக்கு நீர் தந்தது என்ற விவரத்தையும் இறப்புகளோடு சேர்த்து வெளியிட்டது அதே அலுவலகம்தான். தன் கொள்கையை மறுத்த ஸ்னோவுக்கு அவர் தரவுகளை மறைக்கவில்லை.

ஸ்னோ 1858-இல் காலமானார். எட்டாண்டுகள் கழித்துக் காலரா மீண்டும் வந்தது. 1866 கோடையில் வாராந்திர அட்டவணையைப் பார்த்த ஃபார், இறப்புகள் கிழக்கு லண்டனில் குவிவதையும், அப்பகுதி முழுவதும் ஒரே நிறுவனத்தின் நீரைக் குடிப்பதையும் கண்டார். நீர் வடிகட்டப்பட்டதே என்று நிறுவனத்தின் பொறியாளர் பத்திரிகையில் மறுத்தார். சிலரது வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன்கள் கிடைத்தது அந்த மறுப்பைக் கேலிக்கூத்தாக்கியது. ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் மூடப்படாத நீர்த்தேக்கமே மூலம். ஏறத்தாழ 5,600 உயிர்கள் போயின. நீர்தான் காரணம் என்று ஃபார் தம் அறிக்கையில் எழுதினார். பழைய கருத்தைக் காப்பாற்ற முயலவில்லை. அதே ஆண்டில் மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் விரைவில் தணியும் என்று அதன் பெருக்க வேகத்தைக் கணக்கிட்டு முன்னறிவித்ததும் அவரே. கொள்ளைநோய் ஒரு வளைகோட்டில் ஏறி இறங்குகிறது என்ற கருத்து அவரிடமிருந்து தொடங்குகிறது.

இந்தியாவுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவிலிருந்த படையின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் அமைக்கப்பட்ட ஆணையத்தில் அவர் உறுப்பினர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அப்பணிக்குப் பின்னிருந்து உதவினார். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பிரிட்டிஷ் வீரர்கள் இறப்பதை 1863 அறிக்கை வெளிப்படுத்தியது. பெரும்பாலோரைக் கொன்றது போர் அல்ல, நோய்.

நம் நாட்டின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியது. கிராமச் சுகாதாரப் பணியாளர் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு முதலியவற்றை எண்ணித் தனிப் படிவத்தில் அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. இப்போது கணினி வழியே விரைவாகச் செல்கிறது. வேகம் கூடியதை வரவேற்கிறேன். ஆனால் ஆய்வு நிதி செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கைகளின் பின்னால் மட்டும் ஓடுவது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பருவத்துக்கும் வழக்கமான அளவு எது, தனியார் மருத்துவமனை நோயாளிகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது, நோய்த் தரவைக் குடிநீர்த் தொட்டியோடும் குழாய்ப் பாதையோடும் எப்படி இணைப்பது, எச்சரிக்கை எழுந்த எத்தனை நாளில் ஒருவர் களத்துக்குச் செல்கிறார், பொய் எச்சரிக்கைக்கு ஆகும் செலவு என்ன – இவற்றை ஆராய்பவர் குறைவு. ஓர் உயிரின் பொருளாதார மதிப்பை 1853-லேயே கணக்கிட்டு, பிறந்த உழவுத் தொழிலாளியின் குழந்தைக்கு 5 பவுண்டு, அவனே 25 வயதில் 246 பவுண்டு என்று எழுதிய ஃபார், கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்திருப்பார்.

1879-இல் தலைமைப் பதிவாளர் பதவி காலியானபோது, அது ஃபாருக்கே கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். புள்ளியியலுக்குப் புதியவரான சர் பிரிட்ஜஸ் ஹென்னிக்கர் நியமிக்கப்பட்டார். ஃபார் அடுத்த ஆண்டு விலகினார். 1883 ஏப்ரலில் மறைந்தார். அறிக்கைகளில் சிதறிக் கிடந்த அவருடைய எழுத்துகளைத் தொகுத்து, அலுவலகத்தில் அவருடன் பணியாற்றிய நோயல் ஹம்ஃப்ரீஸ் இரண்டாண்டுகளுக்குப் பின் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவின் நோய்க் கண்காணிப்பை உருவாக்கிய அலெக்சாண்டர் லாங்முயர், 1976-இல் ஃபாரையே இத்துறையின் நிறுவனராக அடையாளம் காட்டினார்.