மூடப்பட்ட பள்ளியின் மாணவர்

1855-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு பள்ளி மூடப்பட்டது. மாணவர் வராமையாலோ பணமின்மையாலோ அது மூடப்படவில்லை. கற்பித்தல் குறைவாக இருந்ததென்றும் எவரும் சொல்லவில்லை. நடத்தியவர்கள் எதிர்பார்த்த பயனை அது தரவில்லை என்பதே காரணம். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் அந்த மூடப்பட்ட பள்ளியில் பயின்றவர்கள். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி வைரவநாதர் தாமோதரம்பிள்ளை.

தமிழ் இலக்கிய மாணவனாக இருந்த நாளில் தாமோதரம்பிள்ளையின் பெயர் எனக்குத் தேர்வு வினாவுக்குரிய விடையாகவே அறிமுகமாயிற்று. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் வரிசையில் ஆறுமுக நாவலருக்கும் உ.வே. சாமிநாதையருக்கும் இடையில் ஒரு வரி, அவ்வளவே. அவர் எந்தப் பள்ளியில் படித்தார், அந்தப் பள்ளி அவரைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்று பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் அந்த ஒரு வரி விரியத் தொடங்கியது.

அமெரிக்கப் புரொட்டஸ்தாந்து மிஷனரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள். போர்த்துக்கீசர் காலத்தில் எழுந்து சிதைந்து கிடந்த தேவாலயத்தைச் செப்பனிட்டு, 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். டானியல் பூர் முதல் தலைவர். சுதேசப் போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே நோக்கம். ஆனால், பாடத்திட்டமோ அந்த நோக்கத்தைக் கடந்து விரிந்தது. விவிலியத்தோடு ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் ஆகியனவும், நன்னூலும் திருக்குறளும், ஓரளவு சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டன. 1829-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் கூறியதும் பூர் கணித்ததும் வேறுபட்டன. ஊரே வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. பூரின் கணிப்பே பொருந்தியது. சமயப் பிரசாரத்துக்கு அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டது உண்மைதான். எழுதிவைக்கப்பட்ட ஒன்றைச் சரிபார்க்கலாம், சரிபார்க்க வேண்டும் என்ற பழக்கமும் அந்த வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

அங்கு ஒரு விநோத வழக்கமும் இருந்தது. மாணவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலர்களின் பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. அதனால்தான் 1841-இல் தோன்றிய உதயதாரகை பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் இருவரும் தமிழராக இருந்தும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று அறியப்பட்டனர். கறோல், நெவின்ஸ், ஆர்னல்ட் என்பனவும் இவ்வாறு யாழ்ப்பாணத்துப் புலமை வரலாற்றில் வந்து சேர்ந்த பெயர்களே.

தாமோதரம்பிள்ளை 1832 செப்டம்பர் 12 அன்று சிறுப்பிட்டியில் பிறந்தார். தெல்லிப்பழை மிஷன் பள்ளியில் தொடங்கி, 1844 முதல் 1852 வரை செமினரியில் பயின்றார். தமிழிலக்கணத்தை அவர் வேறிடத்தும் கற்றார். அவருடைய தமிழாசிரியர் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயர். மிஷனரிமாரின் சமயத்தைச் செய்யுளில் கடுமையாகச் சாடியவர். ஒரே மாணவர் இரு தரப்பாரிடமும் பாடம் கேட்டிருக்கிறார்! படிப்பு முடிந்த மறு ஆண்டே, இருபத்தொரு வயதில், நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். அப்போது அவர் கோப்பாயில் ஆசிரியர். வெஸ்லியன் மிஷனிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்திருந்த பேர்சிவல் பாதிரியார், தினவர்த்தமானி இதழின் ஆசிரியப் பொறுப்புக்கு அவரை அழைத்துக்கொண்டார். நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்தான் இவர்.

அதே காலத்தில் வட்டுக்கோட்டையில் கணக்குத் தீர்க்கப்பட்டது. ரூபஸ் அண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த குழு, செமினரி மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஏணியாகக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் வணிகத்துக்கும் போய்விடுகின்றனர் என்று கண்டது. மிஷனின் பணம் குமாஸ்தாக்களை உருவாக்கவா செலவிடப்பட வேண்டும் என்பது அவர்களின் வினா. போதகராகப் போகிறவருக்குத் தாய்மொழிக் கல்வி போதும் என்று முடிவாயிற்று. செமினரி மூடப்பட்ட அந்த 1855-இல்தான் டானியல் பூரும் மானிப்பாயில் வாந்திபேதிக்குப் பலியானார்.

அண்டர்சன் குழுவை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற அவர்களின் வாதம் இன்றைக்கும் வலுவானது. மாணவர்களைப் பற்றி அவர்கள் கண்டதும் பொய்யன்று. தாமோதரம்பிள்ளையே அதற்குச் சான்று. சென்னை மாநிலக் கல்லூரியிலும் கள்ளிக்கோட்டையிலும் கற்பித்தபின் அவர் அரசாங்க வரவுசெலவுக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்து உயர்ந்தார். 1871-இல் சட்டப் பட்டமும் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞர், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி, 1895-இல் ராவ்பகதூர். போதகராகவில்லை என்பது ஒருபுறமிருக்க, அவர் கிறிஸ்தவராகவும் நிலைக்கவில்லை. சைவத்தில் ஊன்றி, சைவ மகத்துவம் என்று ஒரு நூலும் எழுதினார். மிஷனின் பேரேட்டில் இது முழு நட்டம்.

ஆனால், அந்த உத்தியோகச் சம்பளமும் வழக்கறிஞர் வருவாயுமே தமிழ் ஏடுகளுக்காகச் செலவாயின. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் நாவலர் பரிசோதிக்க, 1868-இல் இவர் வெளியிட்டார். பிறகு தாமே பரிசோதகரானார். 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது கலித்தொகைதான். அகமும் புறமும் பேசும் பொருளதிகாரம் உரையோடு கற்போர் கைக்குக் கிடைத்தது அவருடைய பதிப்பால்தான்.

அந்தக் காலத்துப் பதிப்பு வேலை இன்றைய ஆய்வறை வேலை போன்றதன்று. ஊர் ஊராகக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். ஏடு வைத்திருப்பவர் தர மறுப்பார். தந்தாலும் அது செல்லரித்திருக்கும். ஏட்டைத் தொட்டால் விளிம்பு உதிர்வதையும் கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும் தம் பதிப்புரையில் அவர் விவரித்திருக்கிறார். அந்தப் பதிப்புரைகளைப் படிக்காமல் அவரை அறிந்துகொள்ள முடியாது என்பேன். அவற்றில் புலம்பல் உண்டு, கோபம் உண்டு, செல்வர்களிடம் கையேந்தலும் உண்டு. ஒரு கணக்கு அதிகாரி தம் சொந்தக் கணக்கு துண்டுவிழுவதைத் தெரிந்தே செய்துகொண்டிருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட நூல்களையும் கவனிக்க வேண்டும். வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமண காவியம். சைவப்பற்று மிகுந்த ஒருவர் இவற்றைத் தேடி அச்சிட்டது அந்நாளில் எளிதாக ஏற்கப்படக்கூடிய காரியமன்று. வீரசோழியப் பதிப்புரையில் தமிழ் வரலாற்றை எட்டுக் காலங்களாகப் பிரித்துப் பார்க்கவும் முயன்றார். அந்தப் பகுப்பு இன்று நிற்காது. என்றாலும் ஒரு மொழியின் இலக்கியத்தைத் தெய்வக்கொடையாகக் கருதி வியந்து நின்றுவிடாமல், காலத்தில் வைத்துப் பார்க்க முனைந்தார் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசக நூல்கள் எழுதினார். ஏழாலையில் ஒரு பள்ளியையும் நிறுவினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராக இருந்தார்.

சாமிநாதையருடன் அவருக்கிருந்த உறவில் உரசலும் உண்டு. கும்பகோணத்தில் தம்மிடமிருந்த சிந்தாமணி ஏட்டைத் தாமே பதிப்பிக்க அவர் கேட்டதையும் தாம் இணங்காததையும் ஐயர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதை வைத்து ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவோர் இன்றும் உள்ளனர். எனக்கு அந்த வழக்கில் நாட்டமில்லை. ஐயர் முழுநேரத் தமிழாசிரியர். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மரபும் திருவாவடுதுறை மடத்தின் நிழலும் அவருக்கு இருந்தன. பிள்ளைக்கோ நீதிமன்ற வேலை முடிந்த பிறகு எஞ்சிய பொழுது மட்டுமே இருந்தது.

வட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். மூடிய கதவு மூடியபடியே கிடக்கவில்லை. உயர்கல்வி வேண்டும் என்று உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் பழைய மாணவர்களும் முயன்றதன் பயனாக 1872-இல் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1960-களின் தொடக்கத்தில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பெருமளவில் தன்வசமாக்கியபோதும் அது தனியார் பள்ளியாகவே நின்றது.

தாமோதரம்பிள்ளை 1901 ஜனவரி முதல் நாள் சென்னையில் மறைந்தார். அவருடைய பொருளதிகாரப் பதிப்பில் ஒரு பெரும்பிழை இருந்தது. இறுதி நான்கு இயல்களின் உரையையும் நச்சினார்க்கினியருடையதாகவே அவர் அச்சிட்டிருந்தார். அது பேராசிரியர் உரை என்பதை அவர் மறைவுக்குப் பின் இரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். அச்சிட்ட நூலை முன்னே வைத்துக்கொண்டு, உரைநடையை ஒப்பிட்டு, மேற்கோள்களைச் சரிபார்த்து அவர் அந்த முடிவுக்கு வந்தார்.